முதுகு என்னும் துலாக்கோல்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இம்மேடையில் ஆண்டுதோறும் அறிஞர் பெருமக்கள் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். சிலம்பின் நயத்தையும் கம்பனின் சுவையையும் அவர்கள் அள்ளி வழங்கினார்கள். யாமோ மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வேயில் பார்சல் குமாஸ்தாவாக அமர்ந்து, இந்த மராட்டிய மண்ணில் மூட்டைகளையும் பெட்டிகளையும் எண்ணிக் காலம் கழிப்பவர்கள். செயலாளர் அவர்கள் எம்மைப் பேச அழைத்தபோது, "ஐயா, எமக்குத் தெரிந்தது மூட்டையும் எடையும்தானே!" என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தோம். "அதைப் பற்றியே பேசுங்களேன்" என்று அவர் மடக்கிவிட்டார். ஆகவே சுமையைப் பற்றியும், அதைத் தூக்கும் மனித முதுகைப் பற்றியும் சில சொற்கள் சொல்ல வந்திருக்கிறோம்.

இது மருத்துவர் பேச வேண்டிய பொருள் அல்லவா என்று சிலர் நினைக்கலாம். உண்மையே. ஆயினும் இப்பொருளைப் பற்றிப் பேச எமக்கு ஒரு கடன் இருக்கிறது. அந்தக் கடனை முதலில் சொல்லிவிடுகிறோம்.

2013ஆம் ஆண்டு மழைக்காலம். ஒரு பெரிய நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில் அப்போது வேலை பார்த்தோம். அங்கே ஒப்பந்தக்காரரிடம் கூலிக்கு வேலை செய்த ஹமால் ஒருவர் இருந்தார். ஐம்பது வயதை நெருங்கியவர். யாம் அவரைத் 'தாதா' என்று அழைப்போம். அவர் எம்மைப் 'பாபு' என்பார். ஐம்பது கிலோ மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு பிளாட்பாரத்தில் நிமிர்ந்து நடப்பார். அவர் சுமையோடு தள்ளாடி ஒருநாளும் கண்டதில்லை.

அன்று வண்டி நிற்கும் நேரமோ சில நிமிடங்கள். பார்சல் பெட்டியின் மூலையில் அகலமான அட்டைப் பெட்டி ஒன்று. அதற்கு முன்னால் ஒரு வரிசை பழக்கூடைகள். கூடைகளை நகர்த்த நேரமில்லை. தாதா கூடைகளுக்கு மேலாகக் குனிந்து, இரு கைகளையும் நீட்டி, அந்தப் பெட்டியை வெடுக்கென்று தூக்கிக் கதவுப் பக்கம் திரும்பினார். அடுத்த கணம் பெட்டி கீழே விழுந்தது. தாதா பலகையைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். எழ முடியவில்லை.

பின்னர் இழப்பீடு பற்றிய பேச்சு எழுந்தது. ஒப்பந்தக்காரரின் ஆள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "பெட்டியின் எடை எவ்வளவு?" யாம் பேரேட்டைப் புரட்டினோம். இருபத்திரண்டு கிலோ. அதை எழுதிக் கையெழுத்திட்டும் கொடுத்தோம். "நாள்தோறும் ஐம்பது கிலோ தூக்குகிறவனுக்கு இருபத்திரண்டு கிலோவில் முதுகு போயிற்றாம், நடிப்பு!" என்று சொல்லி வழக்கை முடித்துவிட்டார்கள். தாதாவுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை.

ஊருக்குப் புறப்படுமுன் அவர் எம்மிடம் வந்தார். கோபத்தோடு வரவில்லை. "பாபு, நீங்கள் எழுதியது பொய் அன்று. ஆனால் அந்தப் பெட்டி என்னைவிட்டு எவ்வளவு தள்ளி இருந்தது என்று யாரும் கேட்கவில்லையே" என்றார். அவ்வளவுதான்.

அந்தச் சொல்லின் பொருள் அன்று எமக்கு விளங்கவில்லை. எம் பேரேட்டில் எடைக்குக் கட்டம் உண்டு. தூரத்துக்குக் கட்டம் இல்லை. விளங்குவதற்கு ஆறு ஆண்டுகள் பிடித்தன. 2019இல் இதே ஆண்டு விழாவில், நிறைந்த சாம்பார் அண்டாவை யாமும் ஒரு நண்பரும் தூக்கியதும், எம் முதுகு பிடித்துக்கொண்டதும், விருந்து முடியும்வரை யாம் மேடைக்குப் பின்னால் பாயில் கிடந்ததும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அப்போது எம்மைப் பார்த்த மருத்துவரும் எடையோடு நிற்கவில்லை, "அண்டா உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தது?" என்றும் கேட்டார். யாம் திடுக்கிட்டோம். தாதாவின் கேள்வி அல்லவா அது!

அன்றுமுதல் இதைப் பற்றிக் கேட்டும் படித்தும் வந்திருக்கிறோம். கற்றவற்றை வரிசையாகச் சொல்லுகிறோம்.

யாம் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பார்சல் அலுவலகத்தில் இரும்பு மேடைத் தராசு இருந்தது. இன்று மின்னணுத் தராசு வந்துவிட்டது. அந்தப் பழைய தராசின் மேடையில் இருநூறு கிலோ சரக்கை ஏற்றுவோம். மேலே உள்ள கோலில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு குண்டை நகர்த்துவோம். இரண்டும் சமமாக நிற்கும். சிறிய குண்டு பெரிய சரக்கை எப்படித் தாங்கியது? குண்டு அச்சிலிருந்து தொலைவில் நின்றது. சரக்கின் பாரமோ அச்சுக்கு மிக அருகில் வந்து விழுந்தது. எடையைத் தூரத்தால் பெருக்கினால் இரு பக்கமும் ஒன்றாகும். நம் ஊர்ச் சந்தைகளில் தொங்கிய வெள்ளிக்கோலின் இரகசியமும் இதுவே. நெம்புகோல் தத்துவம் என்று நம் பிள்ளைகள் பள்ளியில் படிப்பதும் இதுவே.

மனித முதுகும் இத்தகைய துலாக்கோல்தான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தராசில் சிறிய குண்டு தொலைவில் நின்று பெரிய சரக்கை வென்றது. முதுகில் நிலைமை தலைகீழ். கையில் உள்ள சுமை தொலைவில் நிற்கிறது. அதை எதிர்த்து இழுக்கும் தசையோ அச்சுக்கு மிக அருகில் இருக்கிறது. ஆகவே சிறிய சுமையைத் தாங்கவும் தசை பெரும் பலத்தோடு இழுக்க வேண்டியிருக்கிறது.

முதுகெலும்பு ஒரே எலும்பு அன்று. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய முள்ளெலும்புகளின் கோவை அது. இடுப்புப் பகுதியில் மட்டும் ஐந்து பெரிய முள்ளெலும்புகள் உள்ளன. ஒவ்வோர் எலும்புக்கும் அடுத்த எலும்புக்கும் இடையில் ஒரு வட்டு இருக்கிறது. அதன் நடுவே நீர் மிகுந்த கூழ் போன்ற பொருள். அதைச் சுற்றிப் பல அடுக்காகப் பின்னிய நார் வளையம். மேலிருந்து வரும் பாரத்தை இவ்வட்டு மெத்தைபோல் ஏற்றுப் பரப்புகிறது. நாம் குனியும்போதும் நிமிரும்போதும் துலாக்கோலின் அச்சாக இருப்பதும் இவ்வட்டுத்தான். முதுகெலும்பின் பின்புறம் இரு பக்கமும் கயிறுபோல் ஓடும் தசைக்கட்டே நம்மை நிமிர்த்துவது. வட்டின் நடுவிலிருந்து அத்தசைக்கட்டு வரை உள்ள தூரம் ஐந்து அல்லது ஆறு சென்டிமீட்டர். ஏறக்குறைய மூன்று விரற்கடை. இந்த மூன்று விரற்கடைதான் நம் முதுகுக்கு இயற்கை கொடுத்த கைப்பிடி.

இதை முதன்முதலில் கணக்கிட்டுக் காட்டிய பெருமை இத்தாலி நாட்டுப் பேரறிஞர் ஜியோவன்னி அல்போன்சோ போரெல்லியைச் சாரும். கணித வல்லுநரான அவர், விலங்குகளின் இயக்கத்தைப் பற்றி எழுதிய பெருநூல், அவர் 1679இல் மறைந்த பின்னர் 1680, 1681 ஆண்டுகளில் ரோம் நகரில் வெளிவந்தது. தசைகள் சுமையைவிடக் குறைந்த பலத்தால் வேலை செய்கின்றன என்று அதுவரை எண்ணியிருந்தனர். அன்று, சுமையைப்போலப் பன்மடங்கு பலத்தைத் தசை செலுத்த நேர்கிறது என்று அவர் மெய்ப்பித்தார்.

இப்போது தாதாவின் பெட்டிக்கு வருவோம். ஒரு குமாஸ்தாவின் கணக்காகவே போட்டுக் காட்டுகிறோம். அறிவியலார் நியூட்டன் என்ற அளவைச் சொல்வர். யாம் கடைவீதி வழக்கப்படி கிலோ என்றே சொல்லுகிறோம். ஒரு கிலோவின் பாரம் ஏறக்குறைய பத்து நியூட்டன்.

அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் குனிகிறார் என்க. இடுப்புக்கு மேலுள்ள தலை, கை, மார்பு, வயிறு எல்லாம் சேர்ந்து சுமார் 35 கிலோ இருக்கும். குனிந்த நிலையில் அப்பாரம் இடுப்பு வட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் முன்னால் நிற்கிறது என்று கொள்வோம். 35ஐ 20ஆல் பெருக்கினால் 700. கையில் எடுத்த பெட்டி 22 கிலோ. அதன் நடு, வட்டிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளி. 22ஐ 50ஆல் பெருக்கினால் 1,100. ஆக மொத்தம் 1,800. இதைத் தசை தன் ஐந்து சென்டிமீட்டர் கைப்பிடியால் எதிர்க்க வேண்டும். 1,800ஐ 5ஆல் வகுத்தால் 360. இருபத்திரண்டு கிலோ பெட்டியை எடுக்கத் தசை 360 கிலோ பலத்தோடு இழுக்கிறது! தசை இழுக்கும் பாரம் முழுவதும் வட்டின்மேல்தான் இறங்குகிறது. உடலும் பெட்டியும் நேரே அழுத்துவதைக் கூட்டினால் அது இன்னும் ஏறும். ஏழு சிமெண்ட் மூட்டைகளுக்கு மேற்பட்ட பாரம், உள்ளங்கையைவிடச் சிறிய ஒரு வட்டின்மேல்!

அதே பெட்டி ஒடுங்கியதாக இருந்து, உடம்போடு ஒட்டி 25 சென்டிமீட்டர் தூரத்தில் பிடிக்க முடிந்திருந்தால்? உடலும் அவ்வளவு குனிய வேண்டியதில்லை. அதன் தூரத்தை 10 என்று வைப்போம். 350உம் 550உம் சேர்ந்து 900. ஐந்தால் வகுத்தால் 180. எடை மாறவில்லை, தசையின் உழைப்புப் பாதியாகிவிட்டது. இது தோராயக் கணக்கே. ஆளுக்கு ஆள் அளவு மாறும். பிற தசைகளும் இழுப்பதால் உண்மை இன்னும் சிக்கலானது. ஆயினும் கணக்கின் போக்கு மாறாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கையில் ஒன்றும் இல்லாமல், தரையில் விழுந்த ஊசியை எடுக்கக் குனிந்தாலும் 700ஐ 5ஆல் வகுத்தால் 140 கிலோ. "ஒன்றுமே தூக்கவில்லையே, குனிந்தேன், பிடித்துக்கொண்டது" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும்போது நாம் சிரிக்கிறோம். அவர்கள் தூக்கியது தம் உடம்பையே என்பதை மறந்துவிடுகிறோம்.

இது வெறும் ஏட்டுக் கணக்குத்தானா என்று ஐயுறுவோர் இருக்கலாம். ஸ்வீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960களில் உயிருள்ள மனிதரின் வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். பின்னர் ஜெர்மனியின் உல்ம் நகரில் வில்கே என்பவரும் அவர் கூட்டத்தாரும், தாமாக முன்வந்த ஒருவரின் இடுப்பு வட்டில் நுண்ணிய கருவி ஒன்றைப் பொருத்தி, அவர் படுக்கவும் நிற்கவும் சுமை தூக்கவும் அளந்து, முடிவை 1999இல் வெளியிட்டனர். மல்லாந்து படுத்திருந்தபோது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ. நின்றபோது 5 கிலோ. இருபது கிலோ சுமையை மார்போடு அணைத்து நின்றபோது 11 கிலோ; அதையே மார்பிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தபோது 18 கிலோ. முதுகை வளைத்துக் குனிந்து அச்சுமையைத் தூக்கியபோது 23 கிலோ. முழங்காலை மடக்கித் தூக்கியபோது 17 கிலோ. தாதா தம் உடம்பால் அறிந்திருந்ததைக் கருவி எண்ணால் சொல்லிற்று.

'முழங்காலை மடக்கு, முதுகை நேராக வை' என்று தொழிற்கூடங்களில் படம் போட்டு ஒட்டியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். நல்ல அறிவுரைதான், ஆனால் பாதி அறிவுரை. சுமை சிறியதாக இருந்து இரு முழங்கால்களுக்கு இடையே வந்தால்தான் அதனால் பயன். அகலமான பெட்டியைக் காலை மடக்கித் தூக்க முயன்றால், முழங்கால் முன்னே வந்து பெட்டியை இன்னும் தள்ளிவிடும், தூரம் கூடும், முதுகின் பாரமும் கூடும். எனவே முதல் விதி முழங்கால் அன்று, அண்மை. சுமையை அருகில் கொண்டுவர முடியுமா என்று பார்ப்பதே முதல் வேலை. முடியாவிட்டால் இன்னோர் ஆளைக் கூப்பிடுவதே இரண்டாம் வேலை.

வெடுக்கென்று தூக்குவதும் கேடு. நின்றிருக்கும் வண்டியைத் திடீரென இழுத்தால் கொக்கி அறுவதுபோல, வேகம் கூடினால் பாரமும் கூடும். தூக்கிய நிலையில் இடுப்பை முறுக்கித் திரும்புவது அதனினும் கேடு. வட்டின் நார் வளையம் முறுக்கத்தை எளிதில் தாங்காது. பாதத்தை எடுத்து வைத்துத் திரும்ப வேண்டும். தாதாவின் செய்கையில் இம்மூன்றும் ஒருங்கே இருந்தன: தூரம், வேகம், முறுக்கம்.

முழுவதும் குனிந்துவிட்டால் முதுகுத் தசை ஏறக்குறைய ஓய்ந்துபோகிறது என்பதை இங்கிலாந்தில் ஃபிளாய்ட், சில்வர் என்னும் இருவர் 1950களில் கண்டனர். அப்போது பாரத்தைத் தாங்குவது எலும்புகளைப் பிணைக்கும் நார்கள். நெடுநேரம் குனிந்து வேலை செய்துவிட்டு உடனே கனமானதைத் தூக்குவது ஏன் ஆபத்து என்பது இதனால் விளங்கும். இழுபட்டுத் தளர்ந்த நார்கள் தம் காவலை உடனே மீட்பதில்லை.

விடியற்காலையைப் பற்றியும் ஒரு சொல். இரவில் படுத்திருக்கையில் வட்டு நீரை உறிஞ்சிப் பருக்கிறது. காலையில் நாம் மாலையைவிட ஒன்றரை சென்டிமீட்டர் அளவு உயரமாக இருக்கிறோம்! பருத்த வட்டு வளைவதற்கு இடம் கொடுக்காது. அப்போது குனிந்தால் வட்டிலும் நாரிலும் இறுக்கம் மிகுதி. நம் காலனியில் தண்ணீர் வருவதோ விடியற்காலையில்! எழுந்தவுடன் குனிந்து குடம் தூக்கும் தாய்மார்கள், சிறிது நேரம் நடந்து பிற வேலைகளைப் பார்த்துவிட்டுத் தூக்குவார்களாக. அதைவிட நன்று, வீட்டு ஆடவர்கள் அந்தக் குடத்தைத் தூக்குவது.

இடுப்பில் தோல் வார் கட்டிக்கொண்டால் போதும் என்று சிலர் எண்ணுகின்றனர். அமெரிக்க அரசின் தொழில்நல ஆய்வு நிறுவனம் 1994இல் இதை ஆராய்ந்து, நலமாக உள்ள தொழிலாளரை வார் காக்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றே கூறிற்று. வார் பெட்டியை அருகில் கொண்டுவராது அல்லவா?

அன்பர்களே! 'அப்படியானால் ஐம்பது கிலோவைத் தலையில் சுமந்த தாதாவுக்கு அது ஏன் வலிக்கவில்லை?' என்று கேட்பீர்கள். தலைச்சுமையில் பாரம் முதுகெலும்புக்கு நேர் மேலே நிற்கிறது. முன்னோக்கிய தூரம் ஏறக்குறைய இல்லை. ஆகவே முதுகுத் தசை பெரும் பலத்தோடு இழுக்க வேண்டியதில்லை; சுமையின் எடை மட்டுமே இறங்கும். கழுத்துக்கு அது கடினமே, அதை மறுக்கவில்லை. ஆனால் முதுகுக்குப் பேராபத்து சுமந்து நடப்பதில் இல்லை. தரையிலிருந்து எடுப்பதிலும் மீண்டும் தரையில் இறக்குவதிலும்தான் இருக்கிறது.

இதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். இரு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். வழிநடந்து களைத்தவர் குனியாமல், பிறர் துணை வேண்டாமல், தலைச்சுமையை அப்படியே அதன்மேல் நகர்த்தி வைப்பார். இளைப்பாறிய பின் அப்படியே தலைக்கு வாங்கிக்கொள்வார். வயிற்றில் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக அக்கல்லை நாட்டுவது வழக்கம். இறக்கிவைக்க முடியாத சுமையோடு போனவளுக்காக, வருவோர் போவோர் சுமையை இறக்க ஒரு கல். அதை நாட்டியவர்கள் நெம்புகோல் கணக்குப் போட்டார்களோ இல்லையோ, இடர் எங்கே இருக்கிறது என்பதைச் சரியாகக் கண்டிருந்தார்கள்.

இனிச் சட்டத்தின் பக்கம் சிறிது நோக்குவோம். உலகத் தொழிலாளர் அமைப்பு 1967இல் சுமையின் உச்ச எடை பற்றி 127ஆம் உடன்படிக்கையை ஏற்படுத்தியது. அதனுடன் வந்த பரிந்துரை, ஆண் தொழிலாளி ஒருவர் கையால் சுமப்பது 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்றது. இந்தியா அவ்வுடன்படிக்கையை 2010இல் ஏற்றது. நாம் வாழும் இந்த மாநிலத்தில் மாத்தாடி, ஹமால் தொழிலாளருக்காக 1969இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. மராட்டியில் 'மாத்தா' என்றால் தலை. மாத்தாடி என்பவர் தலைச்சுமைத் தொழிலாளி. அவர்களைத் திரட்டிய தலைவர் அண்ணாசாகேப் பாட்டீல். தொழிலாளரை வாரியத்தில் பதிவு செய்து, கூலியும் சேமநிதியும் வாரியத்தின் வழியே கிடைக்கச் செய்தது அச்சட்டம். கேரளம் 1978இலும் தமிழ்நாடு 1982இலும் உடலுழைப்புத் தொழிலாளருக்குச் சட்டம் கண்டன. தாதாவோ எந்த வாரியத்திலும் பதிவு பெறாதவர்.

இவை பெரும்பாலும் எடையைப் பற்றிப் பேசுபவை. தூரத்தையும் கணக்கில் எடுத்த விதி ஒன்று உண்டு. மேலே சொன்ன அமெரிக்க நிறுவனம் 1991இல் திருத்தி வகுத்த சூத்திரம் அது. எல்லாம் வசதியாக அமைந்தால் ஒருவர் தூக்கத்தக்கது 23 கிலோ என்று அது தொடங்குகிறது. அதாவது, சுமை கணுக்கால்களின் நடுவிலிருந்து 25 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தூரம் இரட்டித்து 50 ஆனால் அந்த 23 பாதியாகி 11.5 ஆகிவிடும். தரையிலிருந்து எடுத்தால் இன்னும் குறையும். முறுக்கித் திரும்பினால் இன்னும் குறையும். அடிக்கடி தூக்கினால் மேலும் குறையும். வட்டின்மேல் இறங்கும் பாரம் 3,400 நியூட்டன், அதாவது சுமார் 350 கிலோவைத் தாண்டலாகாது என்பது அவர்கள் வைத்துக்கொண்ட எல்லை.

இதைப் படித்த இரவு எமக்கு உறக்கம் வரவில்லை. இருபத்திரண்டு என்று யாம் எழுதிக் கையெழுத்திட்டோம். இருபத்து மூன்றுக்கு அது குறைவுதான். ஆனால் தாதா நின்ற இடத்தில் அவருக்கு உரிய அளவு பதினொன்றரைக்கும் கீழ். அவர் ஏறக்குறைய இரு மடங்கு தூக்கினார். எம் பேரேடு பொய் சொல்லவில்லை; பாதி உண்மையைச் சொல்லிற்று. அந்தப் பாதியே ஓர் ஏழையின் வாயை அடைக்கப் போதுமானதாயிற்று.

பெரியோர்களே! பயன் கருதி வீட்டுக்கு வேண்டிய சிலவற்றைச் சொல்லி முடிக்கிறோம்.

சமையல் வாயு உருளையில் 14.2 கிலோ வாயு. இரும்பின் எடையும் சேர்ந்தால் ஏறக்குறைய 30 கிலோ. அதைத் தூக்காதீர்கள், சாய்த்து விளிம்பில் உருட்டுங்கள். இருபது லிட்டர் தண்ணீர் கேன் என்றால் இருபது கிலோ. அதைத் தரையில் வைக்காமல் இடுப்பளவு மேடையில் வைத்தால் பாதித் தொல்லை தீரும். தொட்டிலில் உள்ள குழந்தையைக் கை நீட்டி எடுக்காமல், தொட்டிலோடு ஒட்டி நின்று, முதலில் குழந்தையை நெஞ்சருகே கொண்டுவந்து பிறகு நிமிருங்கள். ஒரு கையில் நிறைந்த வாளியைச் சுமப்பதைவிட இரு கைகளிலும் பாதி பாதியாகச் சுமப்பது நன்று; ஒரு பக்கப் பாரத்தை எதிர்த்து மறுபக்கத் தசை ஓயாமல் இழுக்க வேண்டியிருக்கும்.

முதுகுவலி எல்லாம் சுமையால் மட்டும் வருவதன்று. பெரும்பாலான வலி சில வாரங்களில் தானே தணியும். நெடுநாள் படுக்கையில் கிடக்க வேண்டும் என்று முன்பு சொல்வார்கள். இன்று மருத்துவர்கள் இயன்ற அளவு நடமாடச் சொல்லுகிறார்கள். வட்டின் கூழ் பிதுங்கி நரம்பை அழுத்துவதால் கால்வலி வரும் என்பதை 1934இலேயே அமெரிக்காவின் மிக்ஸ்டரும் பாரும் காட்டினர். அதுவும் பலருக்குக் கத்தியின்றியே குணமாகிறது. ஆனால் கால் மரத்துப்போதல், காலில் வலுவிழத்தல், சிறுநீர் மலம் கட்டுப்படாமை ஆகியவை தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சங்கத்துக்கு எம் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, இவ்விழாவில் இன்று காலை சாம்பாரைச் சிறு பாத்திரங்களில் பிரித்து எடுத்துச் சென்றது போலவே இனி எந்நாளும் செய்ய வேண்டும். இளைஞர்கள் அதற்காக இருமுறை நடந்தார்கள். யாரும் பாயில் படுக்கவில்லை. மற்றொன்று, நம் காலனி வாயிலில் இடுப்பளவு உயரத்தில் சிமெண்ட் மேடை ஒன்று கட்ட வேண்டும். தண்ணீர் கேன் கொண்டுவரும் பையன்களும், வாயு உருளை சுமப்பவர்களும், காய்கறிக் கூடைக்காரப் பெண்மணிகளும் சுமையை அதன்மேல் வைத்து எடுக்கட்டும். நம் ஊர்ச் சுமைதாங்கி இந்த மராட்டிய மண்ணிலும் ஒன்று நிற்கட்டும். அதற்கு எம் பங்காக ஒரு மாதச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பகுதியைச் செயலாளரிடம் இன்றே கொடுத்திருக்கிறோம்.

தாதா இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரித்தோம். ஊரில் மகனோடு இருப்பதாகச் சொன்னார்கள். கடிதம் எழுதினோம், பெட்டி இருந்த தூரத்தைக் குறிப்பிட்டு ஒரு வாக்குமூலமும் எழுதிக் கையெழுத்திட்டு உடன் வைத்தோம். காலம் கடந்த கையெழுத்து என்பதை அறிவோம். அதனால் அவருக்குப் பணம் ஒன்றும் வராது. ஆயினும் அவர் நடிக்கவில்லை என்பதற்கு ஒரு காகிதமாவது அவர் வீட்டில் இருக்கட்டும் என்று எண்ணினோம்.

பேரேட்டில் இன்றும் தூரத்துக்குக் கட்டம் இல்லை. ஆனால் குறிப்புக்கென்று கடைசியில் ஒரு கட்டம் இருக்கிறது. அகலமான பெட்டி வந்தால் அதில் யாம் 'இருவர் தூக்க வேண்டும்' என்று எழுதுகிறோம். வேறு யாரும் அப்படி எழுதச் சொல்லவில்லை. எழுதக்கூடாது என்றும் இதுவரை யாரும் சொல்லவில்லை.